மாப்பிள்ளைக்கு முளைத்த கொம்பு

மெல்பேர்னின் தரவுத்தளங்களெல்லாம் ஒரு காலத்தில் என் சுண்டுவிரலைக் கேட்டுத்தான் மூச்சு விட்டன. ஓய்வு பெற்றதும் அந்த விரல் சும்மா கிடக்குமா? மகள் வினுஷாவின் திருமண வரவேற்புக்கு விருந்தாளிகளின் பெயர்களை நானே கணினியில் ஏற்றினேன்.

எங்கள் பக்கத்துப் பெயர்கள் பழைய பாமினி எழுத்துருவில் இருந்தன. பார்வைக்குத் தமிழ், உள்ளே கிடப்பது வெறும் ஆங்கில எழுத்துகள். அவற்றை ஒவ்வொன்றாக உண்மையான தமிழுக்கு, அதாவது யூனிகோடுக்கு, மாற்றவேண்டும். பொயிண்ட் குக் பகுதியில் வசிக்கும் மாப்பிள்ளை வீட்டாரோ தங்கள் பெயர்களை நிஜ ஆங்கிலத்திலேயே அனுப்பியிருந்தார்கள். நான் பிரித்துப் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் ஒரே அமுக்கில் மாற்றினேன்.

மல்கிரேவ் மண்டப வாசலில் யானை படுக்கும் அளவுக்குத் திரை. யாருக்கு எந்த மேசை என்று அதில் ஓடியது. எங்கள் ஆட்கள் ஜொலித்தார்கள். மாப்பிள்ளை கிரண் ‘முசைய’ ஆகியிருந்தார். பெயரின் வாலில் ஓர் ஒற்றைக்கொம்பு தனியாக ஆடியது. அவருடைய சொந்தங்கள் எல்லாருக்கும் அதே கதி.

யாழ்ப்பாணத்துக் கூட்டத்தில் தன் தமிழ்நாட்டு ஆட்கள் ஓரங்கட்டப்படுவார்களோ என்று சம்பந்தியம்மா விஜயா ஏற்கெனவே பயந்துபோயிருந்தார்.

“எங்க ஆளுங்களுக்கு மட்டும் ஏன் இப்படி, சம்பந்தி? பாவம், எங்க உக்கார்றதுன்னு தெரியாம நிக்கிறாங்க!” என்று அவர் திரையைக் காட்டினார்.

நான் மடிக்கணினியை நோக்கிப் பாய்ந்தேன். மனைவி ரஞ்சினி முன்னால் வந்து நின்றாள்.

“நீங்கள் செய்தது காணும், விடுங்கோ!”

எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலரை வருடக்கணக்காகப் பாமினியில் தட்டச்சு செய்தவள். காற்றில் விரல்களை ஓடவிட்டாள். “மு எண்டால் கே. சை எண்டால் ஐ, ஆர். ய எண்டால் ஏ. கொம்பு, என். கிரண்! வாங்கோ தம்பி, முதல் மேசை.”

மண்டபமே கைதட்டியது, கூரை பறந்து தண்டெனோங் மலையில் விழாதது அதிசயம்.

“தள்ளும் ரஞ்சினி, எனக்கும் தெரியும்,” என்று அதே மலருக்குத் தட்டச்சு செய்த சிவாஜினி அன்ரியும் புகுந்தார். பொயிண்ட் குக் ஆட்கள் வரிசையில் முண்டியடித்தார்கள்.

“அன்ரி, இதுல நான் யாரு?”

“நீரோ? பொறும், விரல் சொல்லும்!”

பெயர் தெரியவந்தவர்களைக் கையோடு பிடித்துப் போய் அன்ரிமார் தங்கள் மேசைகளிலேயே இருத்தினார்கள். விஜயா கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

நான் அவர்கள் பெயர்களில் மாற்றத்தைத் தலைகீழாக ஓடவிட்டேன். திரை திருந்தியது.

“ஐயோ, எதுக்குங்க சரி பண்ணீங்க?” என்று விஜயா அலறினார். “சிட்னியிலேருந்து எங்கண்ணன் இப்பத்தான் கார்லேருந்து இறங்குறாரு. அவர் பேரையும் ரஞ்சினி வாசிக்கணும்!”

வாழ்நாளில் முதல் தடவையாக, தெரிந்தே தப்பான மாற்றத்தை இயக்கினேன். இம்முறை, மாப்பிள்ளை வீட்டாருக்கு மட்டும்.