ராஜபார்ட் மூக்குத்தி

பெடாஸ் ரப்பர் தோட்டத்துக் கோயிலில் மண்டபத் திறப்பு விழா. ராசா டவுனிலிருந்து வந்திறங்கிய ரோகினி சுவரைப் பார்த்ததும் கொதித்துப்போனாள். கிரீடம், முறுக்கு மீசை, இடுப்பில் வாளோடு ஒரு பழைய படம். அதற்கு ரோஜா மாலை. கீழே பித்தளைத் தகட்டில் 'கங்காணி பொன்னுசாமி'.

கங்காணியாவது மண்ணாங்கட்டியாவது! அது அவளுடைய பூட்டி கனகாம்புஜம். இதே படம் ரோகினி வீட்டு ஹாலிலும் தொங்குகிறது.

கனகாம்புஜம் அந்தக் காலத்தில் நாடகக் கம்பெனியோடு நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவள். பெண்ணாய்ப் பிறந்து ராஜா வேஷம் கட்டினாள். மைக் இல்லாமலே அவள் பாட்டு கடைசி லயத்து வீடு வரை கேட்குமாம். லிங்கி ஊரிலிருந்தெல்லாம் மாட்டு வண்டி கட்டி வந்து கேட்டார்கள். அவளுக்குப் பூசாரி போடவந்த மாலையை, "கூத்தாடிக்குக் கோயில் மாலையா?" என்று திருவிழா மேடையிலேயே பிடுங்கி எறிந்தவன்தான் இந்தப் பொன்னுசாமி. அதோடு விட்டானா? சுற்றுவட்டாரத் தோட்டம் எதிலும் அவளை மேடையேற விடவில்லை. அந்தக் குரல்காரி பால்மரம் வெட்டியே செத்தாள்.

கோயில் சாமான் அறையில் கிடந்த படத்தைத் துடைத்துப் பார்த்து, இவ்வளவு கம்பீரமாக இருந்தால் நம் கொள்ளுத்தாத்தா பொன்னுசாமிதான் என்று முடிவுகட்டியவர் கோயில் தலைவர் திருநாவுக்கரசு. என்ன நெஞ்சழுத்தம்!

"தலைவரே, ஒங்க தாத்தா மூக்குத்தி போட்டிருந்தாரா?"

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். மீசைக்கு மேலே, மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி.

"இது எங்க பூட்டி. நாடகத்துல ராஜபார்ட். பேர மாத்துங்க."

திருநாவுக்கரசுக்கு முகம் கறுத்தது. "சும்மா இரு லா, ரோகினி. நாடகக்காரி பேரு கோயில்லயா? எடுங்கப்பா படத்த!"

யாரும் அசையவில்லை. ரோகினி ஒரு நாற்காலியை இழுத்துச் சுவரோரம் போட்டாள்.

"நீங்களே ஏறி எடுங்கண்ணே. மாலைய நீங்கதான போட்டீங்க? ஒங்க தாத்தா பிடுங்கின மாதிரி நீங்களும் பிடுங்குங்க. சனம் பாக்கட்டும்."

அவர் ஏறிவிட்டார். கை மாலை வரைக்கும் போனது. கூட்டத்தில் கைப்பேசிகள் உயர்ந்தன. கை அங்கேயே நின்றது. பிறகு தாழ்ந்து தகட்டின் திருகாணியைத் தடவியது.

"யாராச்சும் ஸ்குரு டிரைவர் குடுங்கப்பா," என்றார் திரும்பாமல்.

ரோகினிக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

"புதுத் தகட்டுல ராஜபார்ட் கனகாம்புஜம்னு முழுசா போடுங்க," என்றாள். "மாலைய யார் பிடுங்குனாங்கன்னும் போடுங்க."