தட்டில் வந்த கட்டி

வெண்ணந்தூர்ப் பக்கம் எனக்கு முட்டைக்கோழிப் பண்ணை. கூண்டில் செத்துக் கிடக்கும் கோழியைக் காலையில் கிழித்துப் பார்ப்பது என் வேலை. குடலிலோ ஈரலிலோ வெளிறிய கட்டி இருந்தால் மற்ற கோழிகளுக்கும் ஆபத்து. அன்றைக்குப் பேசாமல் வீட்டுக்குள் வருவேன். என் முகத்தைப் பார்த்ததுமே என் மனைவி சௌந்தர்யா அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாள்.

அவள் குடலில் கட்டி என்றார் சேலத்து டாக்டர் சரிதா. விட்டு விட்டு வந்த வயிற்றுவலியை வாயு என்று நினைத்து ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். பிறகு ரத்தம் போனது.

“வெறும் கொழுப்புக் கட்டிங்க. குடல்ல வர்றது அபூர்வம். அது இழுக்கறதால குடலுக்குள்ளயே குடல் சொருகிக்குது, சட்டைக் கையை உள்ள மடிச்ச மாதிரி. அதான் வலி. ஸ்கேன்ல கேன்சர் மாதிரி தெரியல. ஆனா அடைச்சுக்கறதுக்கு முன்னாடி எடுத்துடணும்.”

கட்டி என்ற ஒரு வார்த்தைதான் என் காதில் விழுந்தது. கட்டியில் நல்லது கெட்டது என்று நான் கண்டதில்லை. கண்டதெல்லாம் செத்த கோழியில் கண்டது. டாக்டர் எங்களுக்குச் சும்மா தைரியம் சொல்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். பயந்தால் எனக்குக் கோபம்தான் முன்னால் வரும். டீ ஆறிப்போச்சு என்று கேண்டீன்காரரிடம் சண்டைக்குப் போனேன்.

ஆபரேஷனுக்குக் கொண்டுபோகும்போது சௌந்தர்யா என் கையைப் பிடித்தாள். அவள் விரல்கள் சில்லென்றிருந்தன.

“ஏனுங்க, டாக்டரம்மா பயமில்லைங்கறாங்க. நீங்க கோழியக் கிழிச்சுப் பாத்துட்டு வர்ற மூஞ்சியோட நிக்கறீங்க. நான் யாரை நம்பறது?”

சிரிக்கப் பார்த்தேன். அது இன்னும் கோரமாக இருந்திருக்க வேண்டும், அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கதவு மூடியது. கிழித்த எதையும் நான் திரும்பத் தைத்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இவள் இல்லாத வீட்டுக்குள் எந்த முகத்தோடு போனால் என்ன, பார்க்க யார் இருப்பார்கள்?

எடுத்ததைச் சொந்தக்காரர்களுக்குக் காட்டுவது அந்த ஆஸ்பத்திரி வழக்கம். நர்ஸ் கூப்பிட்டார். டாக்டர் கையில் தட்டு. அதில் ஒரு துண்டுக் குடலும் எலுமிச்சை அளவுக் கட்டியும் இருந்தன.

“உள்ள பாக்கோணுங்க,” என்றேன்.

“அதுக்குத்தான் கூப்பிட்டேன்,” என்று அவர் கட்டியின்மேல் கத்தியை வைத்தார்.

மஞ்சளாகப் பிளந்தது. நன்றாகத் தின்று முட்டையிடும் கோழியின் வயிற்றில் இருக்கும் அதே மஞ்சள் கொழுப்பு. நோயின் வெளிறல் எங்கும் இல்லை.

“கொழுப்புங்க!” என்று கத்திவிட்டேன்.

“நான் முதல்லயே சொன்னேனே. டெஸ்டுக்கும் அனுப்பிடறோம்,” என்றார் டாக்டர்.

அவளுக்கு மயக்கம் தெளிந்ததும் டாக்டர் குனிந்து, “எல்லாம் எடுத்தாச்சும்மா, பயமில்லை,” என்றார். சௌந்தர்யா அவரைப் பார்க்கவில்லை. கண்ணைச் சுருக்கி என்னைத் தேடினாள்.

“இப்படி வெளிச்சத்துக்கு வாங்க,” என்றாள். “மூஞ்சியக் காட்டுங்க.”

காட்டினேன். கண்ணீரும் மூக்குச்சளியுமாக இருந்தது, துடைக்கவில்லை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். அதன்பிறகுதான் என் கையை விட்டுவிட்டுத் தூங்கினாள்.