பத்தாவது ஆள்

எட்டாம் வட்டாரத்து முற்போக்கு யூத ஜெப ஆலயத்துக்கு இருபத்தைந்து வயது ஆனபோது, அதன் வரலாற்றை எழுதும் வேலை ஷரோல்தாவின் தலையில் விழுந்தது. புடாபெஸ்ட் அச்சகமொன்றில் நாற்பது வருடம் பிழை திருத்தியவள் அவள். ஆலயம் தொடங்கிய மூன்றாம் வருடம்தான் அதில் சேர்ந்தாள். ஆகவே பாரபட்சம் இருக்காது என்று நம்பினார்கள்.

முதல் அத்தியாயத்திலேயே முட்டுக்கட்டை. முதல் வழிபாடு நடந்தது ஒரு நடனப் பள்ளியின் நிலவறையில். "அன்னிக்கு நானும் இருந்தேன்" என்று முப்பத்தொரு பேர் சத்தியம் செய்தார்கள். ஜன்னல்கூட இல்லாத அந்த அறையில் பன்னிரண்டு பேர் நின்றாலே மூச்சு முட்டும்.

கடைசியில் நடன ஆசிரியையிடமிருந்து ஒரு புகைப்படம் கிடைத்தது. அதில் பத்துப் பேர். பத்தாவது ஆளின் கையில் ஸ்பேனர்.

தலைவர் கேஸா படத்தைப் பார்த்ததும் முகம் வெளுத்தார். அந்தப் பத்தில் அவரும் ஒருவர்.

"அது லாயோஷ். ஹீட்டர் குழாய் ரிப்பேருக்கு வந்த பிளம்பர்."

"பிளம்பரா?"

"வழிபாட்டுக்குக் குறைஞ்சது பத்து யூதருங்க வேணும்னு விதி. பொம்பளைங்களையும் சேர்த்து எண்ணிப் பார்த்தும் ஒன்பதுதான் தேறுச்சு. அவன் தாடி வச்சுக்கிட்டு கம்பீரமா நின்னான்."

"யூதரான்னு கேக்கவே இல்லையா?"

"கேட்டு, இல்லேன்னு சொல்லிட்டா என்ன பண்றது? அந்தப் படத்தைப் போடாத, ஷரோல்தா."

"பொம்பளைங்களையும் எண்ணணும்னு ஊரையே எதிர்த்து நின்ன ஆளு நீ. ஒரு பிளம்பருக்குப் போய் பயப்படறியா?"

மறுநாளே டிராம் பிடித்து லாயோஷின் வீட்டுக்குப் போனாள். மனிதர் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தார்.

"மறக்க முடியுமாம்மா? எல்லாரும் எழுந்தாங்க, எழுந்தேன். உட்கார்ந்தாங்க, உட்கார்ந்தேன். பாட்டு ஒண்ணும் புரியல. ஆனா ஆமென் தெரியும். அதை மட்டும் எல்லாரையும்விட சத்தமா சொன்னேன்."

"நீங்க யூதர்தானே?"

"கத்தோலிக்கன். முடிஞ்சதும் கசகசா ரொட்டி குடுத்தாங்க. வாய் நிறைய ரொட்டியை வச்சுக்கிட்டு அதையெல்லாம் எப்படிம்மா சொல்றது?"

'ஒன்பது யூதர்களும் ஒரு பிளம்பரும் சேர்ந்து தொடங்கியது இந்த ஆலயம்' என்று எழுதினாள் ஷரோல்தா. கேஸா அதை மூன்று முறை படித்தார், பெருமூச்சு விட்டார், கடைசியில் கேட்டார்: "சரி, விழாவுக்கு அவனைக் கூப்பிட்டாச்சா?"

விழாவன்று முப்பத்தொரு பேரும் லாயோஷை மொய்த்துக்கொண்டார்கள்.

"என்னை ஞாபகம் இருக்கா?"

"இல்லாமலா? ஜன்னல் பக்கம்தானே நின்னீங்க!"

வந்தவர்களுக்கெல்லாம் அதே பதில். ஷரோல்தா அவரை ஓரமாக இழுத்துப் போனாள்.

"அந்த அறைக்கு ஜன்னலே கிடையாதே, ஐயா!"

"எனக்குத் தெரியாதா? வெந்து செத்தவன் நான். பாவம், எல்லாருக்கும் அன்னிக்கு அங்க நின்னிருக்கணும்னு ஆசை. நின்னுட்டுப் போகட்டுமேம்மா."

ஷரோல்தா சிரித்த சிரிப்பில், மேடையில் பேசிக்கொண்டிருந்த ஆலயத்தின் குரு, ரபி அம்மையார், பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.