இரண்டு பிடி அரிசி

திருத்தணி தாலுக்கா ஆந்திராவிலிருந்து பிரிந்து மெட்ராஸோடு சேரப்போகிறது என்பது உறுதியான சமயம் அது. சித்தூர் தாலுக்கா ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த ஆரோன் ஒருநாள் சாயங்காலம் சட்டையைக்கூடக் கழற்றாமல் அம்மா ஞானம்மாவின் முன்னால் வந்து உட்கார்ந்தான்.

"திருத்தணில ஒரு எடம் காலியாவுதாம்மா. இப்பவே மாத்தல் கேட்டு அங்க போய்ட்டா, எல்லை பிரியச்சே அந்தப் பக்கத்து ஆளாயிடலாம். வர்ற திங்கக்கெழமை பதில் சொல்லணும். நீ சொல்றதுதான்."

"உன் பெண்டாட்டியக் கேட்டியா?"

"நீ சொல்றதுதான்னு அவளே சொல்லிட்டா."

ஞானம்மாவுக்குப் பதில் தயாராகவே இருந்தது. மகள் மிரியாளைத் திருத்தணியில்தான் கொடுத்திருந்தாள். மிரியாளுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்து இன்னும் இடுப்பு நிமிரவில்லை. அது ஒன்று. சித்தூர்க் கோயிலில் தமிழ் ஆராதனைக்கு வந்துகொண்டிருந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாக வேலூர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. பின்வரிசை பெஞ்சுகள் ஞாயிறுதோறும் வெறுமையாகக் கிடந்தன. அது இரண்டாவது. மூன்றாவதாக ஒரு காரணம் இருந்தது. அதை அவள் மகனிடம் சொல்லவில்லை.

"ஞாயித்துக்கெழமை சாப்பாட்டுக்கு அப்புறம் சொல்றேன். ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேன்" என்றாள்.

ஜெபம் அவளுக்கு முறத்தடியில்தான். காலையில் அரிசியை முறத்தில் கொட்டிக் கல் பொறுக்கும்போது ஒவ்வொன்றாக ஸ்தோத்திரம் சொல்வாள். ராத்திரி தூங்கி எழுந்ததற்கு. ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து, பேர் கெடாமல் கண்மூடிய புருஷனுக்கு. ஆரோனின் உத்தியோகத்துக்கு. மிரியாளுக்கு, அவள் பிள்ளைகளுக்கு. கிணற்றில் தண்ணீர் இருப்பதற்கு. கடைசியில் மருமகள் சுவார்த்தாவுக்கு. கல் பொறுக்கி முடிந்ததும் அதிலிருந்து ஒரு பிடி அள்ளி, அடுப்பு மாடத்தில் இருக்கும் காணிக்கைப் பானையில் போடுவாள். உலை வைக்குமுன் ஆண்டவருக்கு ஒரு பிடி. அவள் மாமியார் காலத்திலிருந்து அந்த வீட்டில் இருந்துவரும் வழக்கம். மாதத்தின் முதல் ஞாயிறன்று பானையோடு கொண்டுபோய்க் கோயிலில் கொட்டுவார்கள். மீதி அரிசியை முறத்தோடு சுவார்த்தாவிடம் கொடுத்துவிடுவாள். களைவதும் வடிப்பதும் சுவார்த்தாவின் வேலை.

சுவார்த்தா திருப்பதிப் பெண். தெலுங்குக் கிறிஸ்தவக் குடும்பம். கல்யாணமாகி வந்த நாள்முதல் புருஷனோடு தமிழ் ஆராதனைக்குத்தான் வருகிறாள். பாட்டுக்கு வாய் அசைப்பாள், சத்தம் வராது. வீட்டு ஜெபத்தில் அவள் முறை வந்தால் "ஆமென்" மட்டும் சொல்வாள். வாய்க்கு அடக்கமான பெண் என்று ஞானம்மா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆனால் கொஞ்ச காலமாகச் சோறு குறைந்தது. அளந்து கொடுக்கும் அரிசிக்கு எவ்வளவு சோறு வரும் என்று ஞானம்மாவுக்குத் தெரியாதா? ஆரோனுக்குப் போட்டு, மாமியாருக்குப் போட்டு, கடைசியில் சுவார்த்தா தனக்குப் போட்டுக்கொள்ளும்போது பானையின் அடியில் கரண்டி உரசும் சத்தம் கேட்கும். ஒருநாள் விறகு எடுக்கப் போனபோது விறகுக்குப் பின்னால் துணியால் மூடிக் கட்டிய தகர டப்பா ஒன்று கையில் தட்டுப்பட்டது. அவிழ்த்துப் பார்த்தாள். அரிசி. சனிக்கிழமை சாயங்காலம் ஸ்திரீகள் கூட்டத்துக்குப் போய்த் திரும்பியபோது டப்பா காலி.

திருப்பதியில் சுவார்த்தாவின் அக்கா புருஷனுக்கு வேலை போய்விட்டது என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. சித்தூருக்கும் திருப்பதிக்கும் பஸ்ஸுக்கா பஞ்சம்? போகிறவர்கள் வருகிறவர்கள் யாரிடமாவது கொடுத்தனுப்பலாம்.

ஞானம்மா கேட்கவில்லை. கேட்டால் ஒரு பதில் வரும். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒரே அடுப்படியில் இரண்டு பேரும் புழங்க வேண்டும். திருத்தணிக்குப் போய்விட்டால் நடுவில் எல்லை விழுந்து திருப்பதி எட்டிப்போகும், சங்கதி தானாக நின்றுவிடும் என்று நினைத்தாள். மூன்றாவது காரணம் இதுதான்.

ஆரோனுக்குப் பதில் சொல்ல வேண்டிய ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை ஸ்திரீகள் கூட்டம் நடக்கவில்லை. ஞானம்மா வாசலில் உட்கார்ந்து கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள். வெள்ளைச் சேலையும் தோளில் தொங்கும் பையுமாகச் சந்தோஷம்மா வந்தாள். அதே கோயிலில் தமிழ் ஆராதனை முடிந்தபிறகு கூடும் தெலுங்கு சபையில், வீடு வீடாகப் போய் வேதம் வாசிக்கும் ஊழியக்காரி அவள். ஞானம்மாவைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"இன்னா ஞானம்மா, கூட்டத்துக்குப் போவலையா?"

"போதகரம்மா வேலூருக்குப் போய்க்கீறாங்க. நீ இன்னா இந்தப் பக்கம்?"

"வாராவாரம் வரேனே, பிடிகெடு பிய்யத்துக்கு."

"இன்னாத்துக்கு?"

"பிடி அரிசிம்மா. உங்க சபைக்கு நீ எடுக்கிறல்ல, அந்த மாதிரி எங்க சபைக்கு உன் மருமவ எடுத்து வெக்கிறா." சொல்லி முடித்ததும் சந்தோஷம்மாவுக்கு ஏதோ உறைத்தது. பையின் வாயைச் சுருக்கிப் பிடித்துக்கொண்டாள். "உனக்குத் தெரியாதா? அய்யோ. நான் வரவேயில்லைன்னு வெச்சிக்கோ."

"வந்து எதிருக்க நிக்கிறியே."

"அதான் கஷ்டமா கீது."

"உள்ள வந்து மோர் குடிச்சிட்டுப் போ. வந்ததுதான் வந்துட்ட."

சந்தோஷம்மா மோர் குடிக்கவில்லை. எடுக்க வந்ததையும் எடுக்காமல், அடுத்த தெருவில் சீக்காளி ஒருத்தி இருக்கிறாள் என்று சொல்லிப் போய்விட்டாள். ஞானம்மா கொல்லைப் பக்கம் போனாள். சுவார்த்தா துணி பிழிந்துகொண்டிருந்தாள்.

"சந்தோஷம்மா வந்தா. உன் டப்பாவைக் கேட்டா."

சுவார்த்தாவின் கையிலிருந்த துணி பாதி பிழிந்தபடி நின்றது. "அத்தம்மா" என்றாள்.

"ஏன் சொல்லல?"

"நீங்க முதல்லயே ஒரு பிடி எடுத்துட்டுத்தான் முறம் கொடுக்கறீங்க. அது இந்த ஊட்டுக் காணிக்கை. அதுக்கு மேல நான் ஒண்ணு எடுக்கணும்னா எப்படிச் சொல்றது? அது பத்தலைன்னு சொன்ன மாதிரி ஆயிடும்."

"எடுக்காம இருந்திருக்கலாமே?"

"சின்ன வயசுலேர்ந்து எடுத்த கை அத்தம்மா. கல்யாணமான புதுசுல எடுக்காமத்தான் இருந்தேன். உலை வெக்கறப்போ நான் இன்னும் ஸ்தோத்திரமே சொல்லல, வெறும் வேலை செய்யறேன்னு தோணிச்சு." துணியை மறுபடி முறுக்கினாள். "ஊட்டு அரிசியக் கரைக்கல. அந்தப் பிடி என் சாப்பாட்டுது. அவ்வளவும் நான் கம்மியாத்தான் தின்னேன்."

அது பொய்யில்லை என்பதை அந்த வீட்டில் ஞானம்மாவைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை.

அவள் துவைக்கும் கல்லில் உட்கார்ந்தாள். ஒரே முறத்து அரிசியில் ஒரே ஆண்டவருக்கு இரண்டு தடவை எடுத்திருக்கிறார்கள். முதல் பிடி யாருக்கும் குறைவு வைக்கவில்லை. அது அளந்த அளவுக்குள் அடங்கியிருந்தது. இரண்டாவது பிடி ஒருத்தியின் வயிற்றிலிருந்து வந்தது. இதில் எதைக் காணிக்கை என்று சொல்வது? யோசித்துப் பார்த்தாள். தன்னுடையதும் காணிக்கைதான், மாமியார் செய்ததைத் தவறாமல் செய்வதில் ஒரு விசுவாசம் இருக்கிறது. ஆனால் அதற்கு அவள் ஒருநாளும் பசித்ததில்லை.

"திருத்தணிக்குப் போறதப் பத்தி நீ இன்னா நெனைக்கிற? என் மூஞ்சப் பாத்துச் சொல்லாத. துணியப் பாத்துக்கினே சொல்லு."

சுவார்த்தா சிரித்துவிட்டாள். பிறகு துணியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"எங்கன்னா என்ன அத்தம்மா. நான் தெலுங்குல முணுமுணுத்தாலும் ஆண்டவருக்குக் கேக்குது. அங்க தெலுங்கு ஆராதனை இருக்கோ இல்லியோ. பிய்யத்தை எங்க கொண்டுபோய்க் கொட்டறதுன்னுதான் தெரியல."

ஞானம்மா சுவார்த்தாவை அனுப்பிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது காரணம் போய்விட்டது. முதல் இரண்டும் அப்படியே இருந்தன. பேரப்பிள்ளையின் தலையை மடியில் வைத்து எண்ணெய் தேய்க்க வேண்டும் என்ற ஆசை கொஞ்சமும் குறையவில்லை. ஆனால் கணக்கு மாறியிருந்தது. சித்தூரில் இருந்தால் தனக்குத் தமிழ் ஆராதனை மெலியும், அற்றுப்போகாது. திருத்தணியில் சுவார்த்தாவுக்குத் தெலுங்கு சபை அடியோடு இல்லாமல் போகலாம். மகள் தனக்குப் பக்கத்தில் வேண்டும் என்று கேட்பதும், இன்னொருத்திக்கு இல்லாமல் ஆக்குவதும் ஒரே ஜெபத்தில் எப்படி நிற்கும்?

மறுநாள் ஆராதனை முடிந்து வந்து சாப்பிட்டார்கள். ஆரோன் கைகழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"சொல்லும்மா. நாளைக்கி ஆபீஸ்ல கேப்பாங்க."

"இங்கயே இரு."

அவன் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே அவளைப் பார்த்தான். "போலாம்னு நெனச்சிக்கினு இருந்தியே?"

"இருந்தேன்."

"மிரியாளுக்கு இன்னா சொல்றது? அம்மா வராங்கன்னு அவ அரிசிமாவு இடிச்சு வெச்சிக்கினு இருக்கா. கோவிச்சிக்குவா."

"கோவிச்சிக்கட்டும். என் பொண்ணுதானே, ரொம்ப நாளு தாங்காது. நான் பஸ் ஏறிப் போய்ப் பத்து நாளு இருந்துட்டு வரேன்."

"இனிமே அது வேற ராஜ்யம்மா."

"பஸ்ஸுக்கு இன்னா தெரியும்? எல்லைல எறக்கி உட்டா நடந்து போறேன்."

"காரணம் சொல்லு. என்னா ஆச்சு?"

சமையலறைப் பக்கம் பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றிருந்தது. ஞானம்மா அந்தப் பக்கம் திரும்பவில்லை. "நாளையிலேர்ந்து அரிசி கொஞ்சம் கூட அளக்கணும். மாசச் சாமானுக்குச் சொல்லச்சே சேத்துச் சொல்லு. இந்த ஊட்ல ரெண்டு பேர் எடுக்கிறோம்" என்றாள். ஆரோனுக்குப் பாதிதான் புரிந்தது. மீதியை அவன் பெண்டாட்டி சொல்லிக்கொள்வாள் என்று விட்டுவிட்டாள்.

பாயை விரித்துப் படுத்தாள். நல்லது செய்துவிட்டால் மனசு லேசாகும் என்று பிரசங்கத்தில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். அப்படி ஒன்றும் ஆகவில்லை. மிரியாள் இடித்து வைத்த மாவு நினைவுக்கு வந்தது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து, சத்தமில்லாமல் கொஞ்ச நேரம் அழுதாள். ஸ்தோத்திரம் சொல்ல வாய் வரவில்லை. வராததை வரவழைக்கவும் அவள் முயலவில்லை. அவருக்குத் தெரியும், காத்திருக்கட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டாள்.