மாமாவின் ரத்தம்

எங்கள் ஹார்மோன் பரிசோதனைக் கூடத்தில் புதிய ரசாயனப் பெட்டி எதைப் பிரித்தாலும் அதில் முதலில் ஓடுவது மாமாவின் ரத்தம்தான். நோயில்லாத ஒருவரின் காலை ரத்தத்தை ஓட்டி, அளவு சரியாக வருகிறதா என்று பார்த்த பிறகே நோயாளிகளின் குழாய்களைத் தொடுவோம். மாமா என் அக்காவின் கணவர், கூடத்தின் பொறுப்பாளர். ஜலதோஷம்கூட அண்டாத உடம்பு என்று பெயர் வாங்கியவர். எல்லோரும் அவரை 'நார்மல்' என்றே கூப்பிட்டார்கள்.

அந்த வாரம் கார்டிசால் என்ற ஹார்மோனை அளக்கும் பெட்டி மட்டும் அடம்பிடித்தது. மாமாவின் ரத்தத்துக்கு அடிமட்ட அளவைக் காட்டியது. பெட்டி கெட்டுப்போயிருக்கும் என்று தூக்கிப் போட்டோம். அடுத்த பெட்டியும் அதையே சொன்னது. ஃபிரிட்ஜைத் திட்டினோம். கடைசியில், இயந்திரத்தைப் பார்க்க இன்ஜினியரை வரவழைத்தோம்.

அன்று காலை மாமா கையை நீட்டினார். நரம்பைத் தேடினேன்.

"என்ன மாமா இப்படிக் கறுத்துட்டீங்க? அக்கா வெயில்ல காயப் போடறாளா?"

"துணியோட சேத்து என்னையும் போட்டுடறா. அவளுக்கு ஒரே வேலையா முடிஞ்சிடுது பாரு."

ரொம்பவும் இளைத்திருந்தார். உள்ளங்கைக் கோடுகள் மைதீட்டியதுபோல் இருந்தன.

"சீக்கிரம் எடும்மா. கடவாய்ப்பல்லைப் பிடுங்கப் போகணும்."

"பயமா இருக்கா?"

"உன் கையால ஊசி வாங்கினவனுக்கு அப்புறம் என்ன பயம்?"

எழுந்தவர் ஒரு கணம் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு போய்விட்டார்.

இன்ஜினியர் எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து மாட்டினார். "எப்பவும் அவர் ரத்தத்தை மட்டும் வச்சுப் பாத்தா எப்படிங்க? நம்ம ரெண்டு பேரோடதையும் சேத்துப் போடுங்க" என்றார்.

போட்டேன். இன்ஜினியருடையது சரியாக வந்தது. என்னுடையதும் சரி. மாமாவுடையது மட்டும் தரையில் கிடந்தது.

"மெஷின்ல ஒண்ணும் இல்லீங்க" என்று ஸ்க்ரூடிரைவரை உறைக்குள் செருகினார்.

திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிறுநீரகங்களின் தலையில் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள், கார்டிசாலைத் தரும் அந்தச் சின்னச் சுரப்பிகள், ஓய்ந்துபோயிருந்தன. மூளையடிச் சுரப்பி விடாமல் கட்டளை அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. அந்தக் கட்டளைதான் தோலைக் கறுக்க வைத்தது. படித்து மதிப்பெண் வாங்கிய நோய் என் எதிரில் உட்கார்ந்து கையை நீட்டியிருக்கிறது. நான் கேலி பேசியிருக்கிறேன்.

அப்போதுதான் பல் ஞாபகம் வந்தது. அடிபட்டாலும் அறுபட்டாலும் உடம்பு முதலில் தேடுவது கார்டிசாலைத்தான். அது வராவிட்டால் ரத்த அழுத்தம் சரிந்துகொண்டே போகும்.

மாமா போனை எடுக்கவில்லை. வெள்ளைக் கோட்டோடு அடுத்த தெருவுக்கு ஓடினேன்.

பல் டாக்டரின் நாற்காலி பின்னால் சாய்க்கப்பட்டிருந்தது. பல் ஏற்கெனவே எவர்சில்வர் கிண்ணத்தில் கிடந்தது. மாமாவின் உதடுகளில் நிறமே இல்லை.

"பயந்துட்டார் போல" என்றார் டாக்டரம்மா. "சிலருக்கு இப்படி மயக்கம் வரும். காலைத் தூக்கி வச்சிருக்கேன், இப்ப எழுந்துடுவார்."

"இது பயம் இல்ல டாக்டர். அட்ரீனல் வேலை செய்யல. ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி இருக்கா?"

"எந்த நோயும் இல்லன்னு சொன்னாரே?"

"அவருக்கே தெரியாது. எங்களுக்கும் இப்பத்தான் தெரிஞ்சுது."

டாக்டரம்மா மாமாவின் கையில் அழுத்தமானியின் பட்டையைச் சுற்றி ஊதினார். ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். மறுபடி ஊதினார். அவர் முகம் மாறியது. அவசரப் பெட்டியைத் திறந்து, கார்டிசாலுக்கு ஈடான அந்த மருந்தை எடுத்து ஊசி போட்டார். நான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன்.

ஆம்புலன்ஸில் உப்புநீர் இறங்க இறங்க அவர் உதட்டில் மெதுவாகச் சிவப்பு ஊறியது. நர்ஸிடம் பேஷண்டின் கார்டிசால் அளவைச் சொல்லிக்கொண்டிருந்தேன். மாமா கண்ணைத் திறந்தார்.

"எந்த பேஷண்ட்?"

"நீங்கதான் மாமா."

நம்ப முடியாத ரிசல்ட்டைப் பார்ப்பதுபோல் என்னையே பார்த்தார்.

"திரும்ப ஓட்டிப் பாரு."

"ஓட்டியாச்சு மாமா. எல்லாத்துலயும் அதேதான்."

அவர் கை தடவித் தடவி வந்து என் கோட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டது.