கால் சுற்று

"ஒன்பது காட்டுது ஜெயா. கால் சுத்து தொறக்கவா?"

ஜெயமாலா பிரிக்ஃபீல்ட்ஸ் அலுவலகத்தில் ஒரு கையால் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே மறு கையில் போனைப் பிடித்திருந்தாள். "தொறங்கண்ணே. ஆறு வந்தா போதும்."

"சரி. திருப்பிட்டு ஒரு தே குடிச்சிட்டு வந்து பாக்கறேன்."

"சரிண்ணே."

அவ்வளவுதான் பேச்சு. ஜெஞ்சாரோமில் ஒரு காளான் பண்ணையின் குளிர் அறையில் அவள் அண்ணன் விமலன் வால்வைக் கால் சுற்று திருப்பினார். சாலையைக் கடந்து எதிர்க் கடையில் உட்கார்ந்து தே கேட்டார். தே வந்தது. பாதி குடித்தவர் மேசைமேல் தலையைச் சாய்த்தார். களைப்பில் தூங்குகிறார் என்று கடைக்காரர் நினைத்துக்கொண்டாராம்.

இருபத்தாறு வருடம் இந்த வேலை பார்த்தவர். தங்கையைக் கேட்டு வால்வு திருப்ப வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. ஆனாலும் மூன்று வருடமாக ஒவ்வொரு முறையும் கூப்பிட்டுக் கேட்டார். ஏன் என்று ஜெயமாலா கேட்டதில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

மறுநாள் காலை கிள்ளான் வீட்டு வாசலில் கூடாரம் போட்டிருந்தார்கள். மேளக்காரர்கள் ஓரமாக உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணி தாமரை கூடத்தில் விமலன் உடலின் தலைமாட்டில் இருந்தாள். யாரோ அவர் விரல் நகங்களில் இருந்த கறுப்பைச் சுரண்டி எடுக்கப் பார்த்து, முடியாமல் விட்டிருந்தார்கள்.

ஷாஹுல் ஹமீது வந்து கேட்டருகே செருப்பைக் கழற்றியபோது ஜெயமாலா பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். மேருவில் மீன் குளிர்கிடங்கு வைத்திருப்பவர். மூன்று வருடத்துக்கு முன்பு வரை அவருடைய அத்தனை அறைகளையும் விமலன்தான் பார்த்தார்.

"போன வாரம்கூட நெனச்சேன்மா, ஒரு எட்டு போய்ப் பாக்கணும்னு," என்றார் ஹமீது. பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "நல்ல மனுசன். ஏதோ கை ஒரு தடவ தப்பிப்போச்சு. அதுக்கென்னலா, மனுசன்னா தப்பும்."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

மூன்று வருடத்துக்கு முன்பு, ஒரு சனிக்கிழமை. ஹமீதின் புதிய அறைக்கு ஜெயமாலாவின் நிறுவனம்தான் வரைபடம் போட்டது. சோதனை அறிக்கையில் கையெழுத்துப் போட அவள் வந்திருந்தாள். ஷா ஆலமில் ஒரு கல்யாணத்துக்குப் போகப் பட்டுப்புடவை கட்டியிருந்தாள். அறை போதுமான அளவு குளிரவில்லை. குழாயின் சூடு, உள்ளே திரவம் ஆவியாகும் சூடு, இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் எண்; ஆறில் நிற்க வேண்டியது பதினான்கில் நின்றது. தண்ணீர்க் குழாயின் திருகு போலக் குளிரூட்டும் திரவத்தை அளந்து விடுவது அந்த வால்வு. அதைக் கொஞ்சம் திறக்க வேண்டும். கால் சுற்று திருப்பினால் இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும். வெளிக்குழாயில் கட்டிய சின்னப் பித்தளைக் குமிழ் குளிரை உணர்ந்து, எண் ஒரு நிலைக்கு வர அவ்வளவு நேரமாகும். அதற்குத்தான் விமலன் ஒரு கால் சுற்றுக்கு ஒரு தே என்று கணக்கு வைத்திருந்தார்.

விமலன் முதல் கால் சுற்றைத் திறந்துவிட்டு ஏணியிலிருந்து இறங்கினார். "இரு, எல்லாருக்கும் தே வாங்கிட்டு வரேன். தொடாத," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் திரும்பி வருவதற்குள் அவள் இரண்டு முழுச் சுற்று திறந்து மூடியைப் போட்டிருந்தாள். எண் இறங்கத் தொடங்கியிருந்தது.

"எவ்ளோ திருப்புன?"

"கொஞ்சம்தாண்ணே."

அவர் மூடியைத் திறந்து பார்க்கவில்லை. தங்கை சொன்னால் சரி. அவள் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கல்யாணத்துக்குப் போனாள். எண் ஆறில் நிற்காமல் இறங்கிக்கொண்டே இருந்தது. ஆவியாகாத திரவம் கம்ப்ரஸருக்குள் போய் ஞாயிற்றுக்கிழமை அதை உடைத்தது. திங்கட்கிழமை கதவைத் திறந்தபோது மீன் அழுகிய நாற்றம் சாலைவரை வந்தது.

விமலன் ஏணியில் ஏறி, மூடியைக் கழற்றி, திருகைத் தான் வைத்த இடம்வரை வலப்பக்கம் திருப்பி எண்ணினார். இரண்டு முழுச் சுற்று. கீழே நின்ற தங்கையை ஒருமுறை பார்த்தார். பிறகு இறங்கி வந்து ஹமீதிடம், "என் கைதான் பாஸ். அதிகமா தொறந்துட்டேன்," என்றார்.

ஜெயமாலா போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு மேருவில் யாரும் விமலனைக் கூப்பிடவில்லை. டெங்கில், ஜெஞ்சாரோம் என்று தூரத்துப் பண்ணைகளுக்குப் போகத் தொடங்கினார். வேனில் ரேடியோ கேட்க நேரம் கிடைக்கிறது என்று சிரித்தார்.

"அங்கிள்," என்றாள் ஜெயமாலா, பக்கத்து நாற்காலியில் இருந்த ஹமீதிடம். "அது அண்ணன் கை இல்ல."

"என்னம்மா?"

"நான் திருப்புனது. ரெண்டு முழு சுத்து. அண்ணன் கேட்டப்ப கொஞ்சம்தான்னு சொன்னேன்."

ஹமீது கையிலிருந்த தண்ணீர்ப் புட்டியைப் பார்த்தார். மேளக்காரர்களில் ஒருவர் இருமினார்.

"இப்ப எதுக்கும்மா எங்கிட்ட சொல்றீங்க?" குரலில் கோபம் இல்லை. "விமலன் எப்படின்னு மேருல எத்தன பேர் கேட்டாங்க தெரியுமா? வேணாம்னு சொன்னேன். நான்தான் சொன்னேன். இனிமே யார்கிட்ட போய் மாத்திச் சொல்றது?" கூடத்தின் பக்கம் முகவாயைத் தூக்கிக் காட்டினார். "அவர்கிட்டயா?"



புட்டியை நாற்காலியில் வைத்துவிட்டு ஹமீது உள்ளே போனார். உடலின் கால்மாட்டில் கைகளைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார். வெளியே வந்து செருப்பை மாட்டியபோது அவள் பக்கம் திரும்பவில்லை.

மயானத்திலிருந்து திரும்பிக் குளித்து உட்கார்ந்த பிறகு தாமரை கேட்டாள். "அந்த பாய் ரொம்ப நேரம் நின்னாரே. என்ன சொன்னாரு?"

"நல்ல மனுசன்னாரு அண்ணி."

"ம்." தாமரை ஈரத் துண்டை மடித்தாள். "உன் பேரச் சொல்லாத நாளே இல்ல அவருக்கு. தங்கச்சியக் கேட்டுட்டுதான் திருப்புவேன், அவ இன்ஜினியருன்னு கஸ்டமர்கிட்டல்லாம் பெரும. நான்கூட கிண்டல் பண்ணுவேன், இருபத்தாறு வருசமா என்னத்த கத்துக்கிட்டீங்கன்னு."

ஹமீதிடம் சொன்ன அதே சொற்கள்தாம். அண்ணியிடம் அவை வாய்வரை வரவில்லை. ஜெயமாலா துண்டை வாங்கிக் கொடியில் போட்டாள்.

மூன்றாம் நாள் காளான் பண்ணைக்காரச் சீன ஆன்டி போன் செய்தார். சாமான்களெல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கிறது, எடுத்துக்கொண்டு போ என்றார்.

குளிர் அறைக்குள் ஏணி நின்றது. அளவுமானி குழாயில் தொங்கிக்கொண்டிருந்தது. வால்வின் மூடி, அறைக் குளிரில் வியர்த்து, ஏணியின் மேல்படியில் இருந்தது. குமிழை அவர் குழாயில் இரண்டு பட்டையால் இறுக்கி, கறுப்பு நுரை சுற்றியிருந்தார். பட்டையின் நுனிகூடப் பிசிறில்லாமல் வெட்டப்பட்டிருந்தது.

ஸ்பேனர் அவள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவள் அதைத் தொடவில்லை.

மானியைப் படித்தாள். மைனஸ் ஐந்து. குழாயில் மாட்டியிருந்த வெப்பமானியின் பொத்தானை அழுத்தினாள். ஒன்று. இரண்டுக்கும் இடைவெளி ஆறு; போனில் அவள் போதும் என்ற ஆறு.

வெளியே வந்து எதிர்க் கடைக்குப் போனாள். தே கேட்டாள். அவர் எந்த மேசையில் உட்கார்ந்தார் என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. போனை எடுத்தாள்.

"அண்ணி, இங்கிருந்து நேரா வீட்டுக்கு வரேன். ஒண்ணு சொல்லணும்."

"என்ன?"

"மேரு ரூம்பு விஷயம். வந்து சொல்றேன். நீங்க இருங்க."

"வா," என்றாள் தாமரை.

தேயை முழுக்கக் குடித்தாள். இருபது நிமிடம் ஆனதும் சாலையைக் கடந்து, ஏணியேறி, மறுபடி படித்தாள். மைனஸ் ஐந்து. ஒன்று.

ஆறு.