பழைய சாலையின் ஓரம்

இரண்டாயிரமாவது ஆண்டு, பிப்ரவரி. பெங்களூரில், விவேக் நகரிலிருந்து கோரமங்கலா நோக்கிச் செல்லும் சாலையில் இணையக் கேபிள் பதிக்கப் பள்ளம் தோண்ட வேண்டியிருந்தது. தார் முடியும் விளிம்பிலிருந்து இரண்டடி தள்ளி, அரை கிலோமீட்டர் நீளம். தோண்டும் இயந்திரம் வந்து நின்றுவிட்டது. அதை மறித்துக்கொண்டு பவுலின் நின்றாள். கையால் தோண்டும் ஆறு பேர் கொண்ட குழுவுக்கு அவள் மேஸ்திரி.

"இங்க மிஷின் வேணாம் சார். கீழ கரண்ட் லைன் இருக்குது."

ஒப்பந்ததாரரின் பொறியாளர் கோதண்டராமன், தஞ்சாவூரிலிருந்து வந்து மூன்று மாதமே ஆனவர், ஜீப்பின் முகப்பில் வரைபடத்தை விரித்தார். சாலை ஓரத்திலிருந்து ஐந்தடி தள்ளி உயர் அழுத்த மின்கேபிள் செல்வதாக அது காட்டியது. இரண்டடியில் தோண்டினால் அதற்கென்ன? போதாததற்கு, காலையில் அந்த ஐந்தடித் தூரத்தில் ஒரு சோதனைக் குழியும் போட்டாயிற்று. நான்கடி ஆழம்வரை செம்மண் மட்டுமே வந்தது.

"படத்துல இருக்கற இடத்துலயே லைன் இல்லம்மா. எப்பவோ எடுத்திருப்பாங்க."

"அங்க இல்லன்னா வேற எங்கயோ இருக்குதுன்னுதான் சார் எனக்குப் படுது."

இருக்கையில் சாய்ந்திருந்த இயந்திர ஓட்டுநர் நாகேஷ் கன்னடம் கலந்த தமிழில் கேட்டான்: "ஏனக்கா, புதையலா?"

"ஆமா. கெடைச்சா முதல் பங்கு உனக்குத்தான். நீ உக்காந்திருக்கறது இரும்பு மேல."

நாகேஷ் எஞ்சினை அணைத்தான்.

பவுலின் சாலைக்குள் மூன்றடி நடந்து குனிந்தாள். விளிம்புக்கு இணையாக, நூல் பிடித்தாற்போல் ஒரு வெடிப்பு ஓடியது.

"இந்தப் படம் எந்த வருஷத்துது சார்?"

"எண்பத்தேழு."

"தொண்ணூத்தாறுல இந்த ரோட்ட அகலம் பண்ணாங்க. இந்தப் பக்கம் ஜல்லி கொட்டுனதே நான்தான். பழைய தார் இதோட முடிஞ்சுது, இதுக்கப்பால புதுசு. உங்க படத்துல இருக்கற ஓரம் இதுதான்."

அவளே டேப்பை வெடிப்பில் வைத்து ஐந்தடி அளந்தாள். அதன் நுனி, இன்றைய விளிம்பிலிருந்து சரியாக இரண்டடியில், இயந்திர வாளியின் பற்களுக்கு நேர்கீழே போய் விழுந்தது.

கோதண்டராமன் டேப்பின் நுனியைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "பெங்களூர்ல வெடிப்பில்லாத ரோடு எதும்மா? ஒரு மணி வரைக்கும் பாருங்க. லைனைக் காட்டினா சரி. இல்லன்னா மிஷின் இறங்கும். நீங்க உங்க ஆளுங்களோட கெளம்பிடலாம்."

அப்போது மணி பதினொன்றே கால். நாகேஷ் இயந்திரத்தைப் பின்னுக்கு நகர்த்த, டேப்பின் நுனி விழுந்த இடத்தில் குழி தொடங்கியது.

பவுலினின் குழுவில் மீற முடியாத ஒரு முறை இருந்தது: முழங்கால் ஆழம்வரைதான் கடப்பாரை. அதற்குமேல் மண்வெட்டியைப் படுக்கவைத்து மண்ணைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். பாதுகாப்பான அந்த முறை, இப்போது நேரத்தைத் தின்றது.

"அக்கா, இப்படியே போனா ஈஸ்டருக்குத்தான் லைன் தெரியும்," என்றாள் குழிக்குள் இருந்த ருக்கு.

"தெரியட்டும். ஈஸ்டர் அன்னிக்கு நீ உசுரோட எங்க வீட்டுக்குச் சாப்பிட வரணும்ல."

"பிரியாணியா?"

"முதல்ல தோண்டுடி."

பன்னிரண்டு இருபதுக்கு மண்வெட்டி செங்கல்லில் உரசியது. மின்கேபிளின் மேல் மணல் பரப்பிச் செங்கல் அடுக்கும் வழக்கம் எல்லோருக்கும் தெரியும். கோதண்டராமன்கூட எட்டிப் பார்த்தார். பவுலின் அந்தச் செங்கல் துண்டை எடுத்துத் திருப்பினாள். அடியில் தார் ஒட்டியிருந்தது. அதையே ஆதாரமென்று காட்டியிருக்கலாம். அவள் வெளியே எறிந்தாள்.

"இது ரோட்டு வேலையில கொட்டுன குப்பை சார். கணக்குல வராது."

கோதண்டராமன் கடிகாரத்தைப் பார்த்தார்.

ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் ருக்குவின் மண்வெட்டி நின்றது. செம்மண்ணுக்கு நடுவே வெளிர் மஞ்சளாக ஒரு கோடு. பவுலின் ருக்குவை மேலே ஏறச் சொல்லிவிட்டுத் தான் இறங்கி, துடைப்பத்தால் மெல்ல ஒதுக்கினாள். ஆற்று மணல். இந்த மண்ணுக்குள் அது தானாக வந்திருக்க முடியாது. இன்னும் ஒதுக்கினாள். குறுக்கே, ஒன்றையொன்று ஒட்டி, கையால் வைத்த வரிசையில் செங்கற்கள்; ஒன்று, இரண்டு, ஐந்து. குழியின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை போயின.

"கல்லத் தூக்கிக் காட்டும்மா," என்றார் கோதண்டராமன். குரல் தணிந்திருந்தது.

"தூக்க மாட்டேன் சார். சப்ஸ்டேஷனுக்குப் போன் போட்டுக் கேளுங்க."

அவர் கைப்பேசியில் பேசினார். நெடுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். பேசி முடித்ததும் குழியை விட்டு ஓரடி பின்வாங்கினார்.

"பதினோராயிரம் வோல்ட். இப்பவும் ஓடுது."

ருக்கு மண்வெட்டியைத் தலைக்கு மேல் உயர்த்திச் சீழ்க்கை அடித்தாள். மற்ற ஐவரும் சேர்ந்துகொள்ள, கடந்துபோன ஆட்டோக்கள் வேகம் குறைத்துப் பார்த்தன. நாகேஷ் இறங்கி வந்து செங்கல் வரிசையையும் வாளியின் பற்களையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அக்கா, பங்கு வேணாம். நீங்களே வெச்சுக்குங்க."

கோதண்டராமன் பென்சிலை எடுத்து, வரைபடத்தின் சாலை விளிம்பில் '1996-க்கு முந்தையது' என்று எழுதினார். பிறகு ஜீப்பிலிருந்து சுண்ணாம்புப் பொடிப் பையைத் தானே தூக்கி வந்தார்.

"புதுக் கோட்ட நீங்களே போடுங்க மேஸ்திரி."

அதுவரை அவர் அவளை அப்படி அழைத்ததில்லை.

"முப்பதடிக்கு ஒரு குழி போட்டுப் பாத்துட்டுத்தான் மிஷினு. சம்மதமா?" என்று கேட்டாள் அவள்.

"சம்மதம்."

பவுலின் வெடிப்பிலிருந்து மறுபடி அளந்தாள். செங்கல் வரிசையை விட்டு நன்றாக விலகி, முதல் வெள்ளைக் கோடு மண்ணில் விழுந்தது. மரநிழலில் சோற்றுப் பாத்திரங்களைத் திறந்துகொண்டே ருக்கு கூப்பிட்டாள்: "மேஸ்திரி, குழம்பு தீந்துரும்."

"மூலை வரைக்கும் போட்டுட்டு வரேன்," என்றாள் பவுலின். டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, அவள் சொன்ன இடத்தில் எல்லாம் குனிந்து நிமிர்ந்தபடி, கோதண்டராமன் பின்னால் நடந்தார்.